கடைசிப் பக்கக் கையெழுத்து

அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மாமனாரின் ஆட்டோகிராஃப் ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தாள் மருமகள். பாழாய்ப்போன தையல் விட்டுக்கொடுக்கவில்லை. இழுத்த இழுப்பில் முந்தைய பக்கத்துப் புல்லாங்குழல் வித்வானும் சேர்ந்து கழன்று வந்துவிடுவார் போலிருந்தது.

"என்னம்மா, ஆல்பம் கிடைச்சுதா?" கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"தேடிக்கிட்டிருக்கேன் மாமா!"

ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள். இப்போதெல்லாம் பொய் இவ்வளவு சரளமாக வருகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாம் அவள் புருஷனால் வந்தது. பல் டாக்டருக்கு வாய் சும்மா இருக்குமா? நேற்றுச் சொத்தைப் பல்லோடு வந்து, வாய் நிறையப் பஞ்சோடு நாற்காலியில் கிடந்த வயலின்காரரிடம் பெருமையடித்திருக்கிறான். "எங்கப்பா ஆல்பத்துல உங்க கையெழுத்து இருக்கு சார். உங்க குருநாதரோடதுகூட இருக்கு!"

பஞ்சை எடுத்ததுமே அவர், "குருநாதரோடதா? அதை நான் பார்த்தே ஆகணும். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

பிரச்சினை என்னவென்றால், கடைசிப் பக்கத்தில் இருப்பது வயலின்காரர் போட்ட கையெழுத்தே இல்லை. மருமகள் போட்டது.

குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மாமனார் கிடந்த சமயம் அது. வயலின் கச்சேரிக்குப் போக முடியவில்லையே என்று அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "நான் போய் வாங்கிட்டு வர்றேன் மாமா" என்று இவள்தான் வீராப்பாகக் கிளம்பினாள். "வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்?" என்று அவர் தடுத்தும் கேட்காமல், ஆல்பத்தையும் அவருடைய மைப்பேனாவையும் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஆல்பம் முழுக்க அந்த ஒரே பேனாவின் மைதான். எந்த வித்வானாக இருந்தாலும் தன் பேனாவைத்தான் நீட்டுவாராம்.

இத்தனைக்கும் மனிதர் பரம சாது. தைத்து வந்த சட்டை இறுக்கமாக இருந்தால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதைப் போட்டுக்கொள்வாரே தவிர, தையல்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "சங்கீதம்னா மட்டும் எங்கப்பாவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துடும்" என்பான் புருஷன்.

கச்சேரி முடிந்து கூட்டத்தில் முட்டி மோதி அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு இவள் ஓடுவதற்குள் வயலின்காரரின் கார் போய்விட்டது. வெறுங்கையோடு போய் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? வாசல் படியில் உட்கார்ந்தாள். எதிரே ஒட்டியிருந்த போஸ்டரில் அவருடைய கையெழுத்தையும் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். டிக்கெட்டின் பின்பக்கம் கிறுக்கிக் கிறுக்கிப் பழகிவிட்டு, ஆல்பத்தில் ஒரே இழுப்பாகப் போட்டுவிட்டாள்.

மாமனாரோ வங்கியில் செக்குகளின் கையெழுத்தைச் சரிபார்த்துச் சரிபார்த்தே தலை நரைத்தவர். பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார் என்று இவளுக்கு உதறல் எடுத்தது. ஆனால் அவர் அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நெஜமாவே அவரே போட்டதா? பக்கத்துல போய் நின்னியா? கேக்க எப்படிம்மா வாய் வந்துச்சு உனக்கு?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும், "இது என் மருமக வாங்கிட்டு வந்தது" என்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டினார். காட்டும்போதெல்லாம் இவள் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டாள். நம்பின மனுஷனை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை.

இனி கிழித்துப் பயனில்லை. தாழ்ப்பாளைத் திறந்து கூடத்துக்கு வந்தாள். மாமனார் சலவைச் சட்டை போட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அப்படியும் வியர்த்துக் கொட்டியது.

"எனக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கும்மா. அவரை இன்னொரு நாள் வரச் சொல்லேன்" என்றார், காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதையே. பெரிய வித்வான் வருகிறாரே என்று கூச்சப்படுகிறார் என நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கிளினிக்லேருந்து கிளம்பிட்டாங்க மாமா."

ஆல்பத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. அவர் முன்னாடி வேண்டாம்."

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"கடைசிப் பக்கம்... அது அவர் போட்டதில்ல மாமா. நான் போட்டது. உங்க முகத்தைப் பார்க்க முடியாம போட்டுட்டேன். இப்ப அவரே வந்து பார்த்தா, என்னால உங்க மானம் போயிடும். மத்தவங்ககிட்ட எல்லாம் நீங்க கால் கடுக்க நின்னு வாங்கினது. அதுக்கு நடுவுல போய் நான் இப்படி ஒரு அசிங்கத்தைப் பண்ணிட்டேனே!"

அழுகை பொங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. ஆல்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

வாசலில் கார் வந்து நின்றது. பேச்சுச் சத்தம் நெருங்கி, அழைப்பு மணி அடித்தது. எழுந்தவளின் கையை மாமனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"திறக்காதேம்மா... இந்த ஆல்பத்துலயே அது ஒண்ணுதான் நெஜம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."