முதலாளியின் பழைய பைக்

"பேட்டரி வண்டியை நம்பவே கூடாது முதலாளி! நடுரோட்டில நின்னுட்டா தள்ளிக்கிட்டுத்தான் வரணும்" என்றார் கேஷியர்.

"உங்க கம்பீரத்துக்கு அந்தப் பழைய பைக்தான் சரி" என்றார் மெக்கானிக்.

"புகைதானே? வந்தா வரட்டுமே!" என்றாள் விற்பனைப் பெண்.

முதலாளி நடத்துவது மின்சார ஸ்கூட்டர் ஷோரூம். போன வாரத்திலிருந்து அவரும் அதில்தான் வருகிறார். 'பெட்ரோலுக்கு டாட்டா!' என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் மூவரும் இப்படிக் கெஞ்சினார்கள்.

"என் மேல இவ்வளவு அக்கறையா? சரி, நாளைக்கு பைக்தான்!" என்று கண்கலங்கினார்.

மறுநாள் தெருமுனையில் டபடபவென்று சத்தம் கேட்டது. கேஷியரின் குறட்டை நின்றது. மெக்கானிக் கேரம் போர்டை பீரோவுக்குப் பின்னால் தள்ளினார். விற்பனைப் பெண் செல்போனை ஒளித்துவிட்டு ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்பாடா, இப்பதான் உயிரே வந்துச்சு! பேட்டரி வண்டியில பூனை மாதிரி வந்து நின்னுடுறாரே மனுஷன்!" என்றார் மெக்கானிக்.

வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களுக்குப் பின்னாலிருந்து முதலாளி எழுந்தார்.

"பைக்கில வர்றது என் மச்சினன். நான் நடுரோட்டில எங்கயும் நிக்காம அப்பவே வந்துட்டேன்."