இரண்டு கோடுகள்

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய சொந்த மரப்பட்டறை எழும்பிக்கொண்டிருந்தது. இழைக்கும் மேடை நிற்பவரின் இடுப்பளவு இருக்க வேண்டும். ஆரோக்கியம், வாடகைப் பட்டறையில் இத்தனை வருஷம் தனக்குக் கூடமாட நின்ற மனைவி புளோராவைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலை எடுத்தார்.

“மேடை உங்களுக்கு. என் உயரம் எதுக்கு?”

“செருப்பைக் கழட்டிட்டு நில்லு.”

போன வாரம் அவரைச் சோதித்த டாக்டர் சொன்னதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். இடுப்பருகே கோடு போட்டார். புளோரா பென்சிலை வாங்கி, அவரைச் சுவரோடு நிறுத்தினாள். தொளதொளத்த சட்டைக்குள் இடுப்பைத் தேட வேண்டியிருந்தது. நாலு விரல் மேலே இன்னொரு கோடு இழுத்தாள்.

கலவைச் சட்டியோடு வந்த கொத்தனார் சுவரைப் பார்த்தார். “எந்தக் கோட்டுக்குக் கட்டட்டும்?”

ஆரோக்கியம் அவளுடையதைக் காட்டினார். அவள் அவருடையதை.