இரண்டு நிமிட மனிதன்

மனிதச் சிரிப்பு ஒன்று நாற்பது ரூபாய்.

அது பல் தெரிகிற சிரிப்புக்கு. உதட்டோடு நின்றுவிட்டால் முப்பது. பேரம் கிடையாது.

அவன் நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வட்ட விளக்கின் முன்னால் உட்கார்ந்தான். கீழே லுங்கி. கேமராவுக்கு இடுப்பு வரைக்கும் மனிதன் இருந்தால் போதும்.

திரையில் அன்றைய ஆளின் விவரம் வந்தது. செண்பகவல்லி. முப்பத்தொன்பது வயது. கோவில்பட்டி. பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர்.

ஐந்து மாதமாக அவள் ஆதவன் என்கிற கட்டடப் பொறியாளரைக் காதலித்து வருகிறாள். காலையில் எழுப்புவது, மாத்திரையை நினைவூட்டுவது, அப்பாவின் திதியன்று ஆறுதல் சொல்வது எல்லாம் ஆதவன்.

ஆதவன் என்று ஆள் கிடையாது. படங்கள் இவனுடையவை. எழுதுவது முழுக்க இயந்திரம்.

கோவையில் சேர்ந்து ஒரு வீடு வாங்கலாம் என்று எழுதியதும் அதுதான். அவள் தன் பெயரிலிருந்த ஒரே மனையை விற்றுப் பணத்தை வங்கியில் வைத்திருக்கிறாள். அனுப்புவதற்கு முன் ஒரே நிபந்தனை போட்டாள்.

ஒருமுறை முகத்தைப் பார்க்க வேண்டும்.

இயந்திரத்துக்கு முகம் போடவும் தெரியும். ஆனால் பெண்கள் உஷாராகிவிட்டார்கள். மூக்கைத் தொடு என்கிறார்கள், பக்கவாட்டில் திரும்பு என்கிறார்கள். போட்ட முகம் காதோரம் கலைந்துவிடுகிறது. அதனால்தான் நிஜ முகத்துக்கு ஆள் எடுத்தார்கள். புடவைக் கடையில் ஏழு வருடம் நின்ற முகம் என்றதும் இவனை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் தவமணி முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"தம்பி, நீ மனுசனா இருந்தா போதும். மத்ததை மெஷின் பாத்துக்கும்."

அழைப்பு வந்தது.

பள்ளிக்கூடத்து மதிய இடைவேளை. அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. வணக்கம்கூடச் சொல்லாமல் சோதிக்க ஆரம்பித்தாள். சுண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள். தொட்டான். தலையைத் திருப்பச் சொன்னாள். திருப்பினான். போன வாரம் தனக்கு எந்தக் கால் சுளுக்கியது என்று கேட்டாள். கேமராவுக்குக் கீழே ஓடிய எழுத்தைப் படித்து, இடது கால் என்றான்.

ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிறவள் வாங்கத் தீர்மானித்துவிட்டவள். வாங்காதவள் தொட்டே பார்க்கமாட்டாள். கடையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்.

அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

நடுவில் சட்டென்று நிறுத்தினாள்.

"வேர்க்குது பாருங்க. முதல்ல முகத்தைத் துடைங்க."

எங்கே என்று காட்டுவதற்காகத் தன் முந்தானையால் தன் நெற்றியையே துடைத்துக் காட்டினாள்.

கீழே எழுத்து வரவில்லை. ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

ஐந்து மாதத்தில் ஆதவனுக்கு ஒருமுறைகூட வேர்த்ததில்லை.

அவன் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

சொல்லிவிடலாம்.

போன மாதம் பக்கத்துத் தடுப்பில் இருந்தவன் தன் அழைப்பில் வந்த பெண்ணிடம் சொல்லப் பார்த்தான். 'பணம் அனுப்' என்பது வரைக்கும் வந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. சிக்னல் சரியில்லை என்று இயந்திரமே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. அவள் அன்று மாலையே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அந்தத் தடுப்பில் வேறு ஆள் இருந்தான். பழைய ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இவனும் கேட்கவில்லை.

இயந்திரம் சொல்லைத்தான் ஒட்டுக் கேட்கும். முகத்தைக் கவனிப்பதில்லை.

அழைப்புக்கு மொத்தமே இரண்டு நிமிடம். இன்னும் நாற்பது விநாடி இருந்தது.

அவன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான். அப்படியே வைத்துக்கொண்டான்.

இமைக்கவில்லை. கழுத்தை அசைக்கவில்லை. கீழே வந்த வரியை உயிரில்லாமல் படித்தான். அதே வரியை, அதே குரலில், இன்னொரு முறை படித்தான். குரல் நின்ற பிறகும் உதட்டை அசைத்தான். பொம்மைக்குப் புடவை சுற்றுகிறவனுக்குப் பொம்மை எப்படி நிற்கும் என்று தெரியாதா?

கண் எரிந்தது. இமைக்கவில்லை.

அவள் முகம் சுருங்கியது. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரையை நெருங்கி வந்தாள். அவன் புருவத்தைப் பார்த்தாள். காதோரத்தைப் பார்த்தாள்.

கண்டுபிடி. கண்டுபிடித்துவிடு, தாயே.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போதுங்க, நடிக்காதீங்க. மெஷின் எப்பவும் மனுசன் மாதிரிதான் நடிக்கும். மெஷின் மாதிரி நடிச்சுக் காட்டணும்னா மனுசனுக்குத்தான் தோணும்."

அவன் இமைத்தான். தாங்க முடியாமல் இமைத்தான். கண்ணீர் வழிந்தது.

அதையும் பார்த்துவிட்டாள். அவள் சிரிப்பு நின்றது. இவ்வளவு சோதித்ததற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். நாளைக் காலையில் வங்கி திறந்ததும் போய்விடுவதாகச் சொன்னாள். கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. அவன் வாய் திறக்கும் முன்பே அவள், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கேமராவில் காட்டினாள். இரண்டு வருடத்தில் அவளிடம் பேசியவர்கள். பதினோரு பெயர். பதினொன்றையும் அவளே சோதித்து, அவளே கண்டுபிடித்து, அவளே குறுக்கே அடித்திருந்தாள்.

கடைசியில் ஆதவன் என்று எழுதினாள். அடிக்கவில்லை. கீழே ஒரு கோடு போட்டாள்.

மெஷின் பதினொன்று.

மனிதன் ஒன்று.

விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு. சரியாக இருந்தது.