பூமத்திய ரேகை மொட்டை

வீடியோ காலில் இசக்கிராஜாவின் மொட்டைத் தலையைப் பார்த்து, முத்தையாபுரம் வீட்டில் இருந்த மனைவி அனுசியா பதறினாள்.

“என்னங்க இது கோலம்?”

“எங்க சுற்றுலாக் கப்பல் பூமத்திய ரேகையத் தாண்டிச்சுளா. முதல் தடவை தாண்டுத வேலையாளுகள கடல் ராஜா வேஷக்காரர் முன்னால நிறுத்தி, மொட்டை போட்டு, நீச்சல் குளத்துல தள்ளுவாங்க. பயணிகளுக்கு ஒரே சிரிப்பு.”

அவன் அம்மா தங்கபுஷ்பமும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா எங்கம்மா?”

“திருச்செந்தூருக்குப் போயிருக்காவலே.”

“சரிம்மா. நீ நேரத்துக்குச் சாப்பிடு.”

பேசி முடித்ததும், கேமராவுக்காக ஒட்டிய பொட்டைத் தங்கபுஷ்பம் பிய்த்தெடுத்தாள். கணவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. நினைத்தவுடன் வர முடியாத மகன் நடுக்கடலில் கிடந்து துடிப்பானே என்று மறைத்திருந்தார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு விக்டோரியா வந்தாள். அவள் கணவன் ரெக்சனுக்கும் அதே கப்பலில்தான் வேலை.

“அண்ணனுக்கும் மொட்டையாக்கா?” என்று அனுசியா கேட்டாள்.

“மொட்டையா? மூஞ்சில கிரீம அப்பித் தண்ணில தள்ளுனாங்கன்னு படம் அனுப்புனாவ. யாருக்கும் மொட்டை அடிக்கலியே...” விக்டோரியாவின் குரல் இறங்கியது. “ஏளா, மாமா செத்தத நாந்தான் அவுககிட்ட சொன்னேன். ராஜாகிட்ட சொல்லாதீங்கன்னுதான் சொன்னேன்...”

தங்கபுஷ்பம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பனுக்காகப் போட்ட மொட்டையப் பார்த்துல்லா நான் சிரிச்சேன்!”

அனுசியா மறுபடி அழைத்தாள். திரையில் அவன் முகம் வந்தது.

“ஏலே ராஜா, தனியா அழாதலே. அம்மாவும் உங்கூடச் சேர்ந்து அழுதேன்.”