ஒற்றை ஃபேன்

கம்ப்யூட்டர் கடை மேசையில், திரையில் கேம் படங்களை ஓட்டும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் காத்திருந்தன. ஒன்று மூன்று ஃபேன் வைத்த பழையது. இன்னொன்று ஒற்றை ஃபேன் வைத்த புதியது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். எரிந்துபோன கார்டுக்குப் பதில் வாங்க, ரிஸ்வானா தன் கம்ப்யூட்டர் கேபினெட்டையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எனக்கு மூணு ஃபேன். உனக்கு எத்தனை?" என்றது பெரியது, எண்ணத் தெரியாதது போல.

சின்னது கேபினெட் பக்கம் திரும்பியது. கேபினெட்டுக்குள் எல்லோருக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிடம் கேட்டது: "அண்ணே, உங்களால எவ்வளவு தர முடியும்?"

"இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேட்டதில்லை தம்பி. எல்லாருக்கும் கொடுத்தது போக கொஞ்சம்தான் மிஞ்சும்."

"எனக்கு அது போதும்."

ரிஸ்வானா பெரியதைத்தான் முதலில் மாட்டிப் பார்த்தாள். மூன்று ஃபேனும் விர்ரென்று கிளம்பின. கேமில் முதல் குண்டு வெடிப்பதற்குள் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. "சரியான கஞ்சன்," என்று எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டே பெரியது மேசைக்குத் திரும்பியது.

அடுத்துச் சின்னது உள்ளே போனது. மலை வந்தது, ஆறு வந்தது, எதிரிக் கூட்டம் திமுதிமுவென்று வந்தது. ஓர் இடத்திலும் படம் திக்கவில்லை. கோட்டையைப் பிடித்த வேகத்தில் ரிஸ்வானா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

சின்னது உள்ளேயிருந்து மேசைப் பக்கம் குரல் கொடுத்தது:

"பெரியவரே, எத்தனைன்னு கேட்டீங்களே. ஒண்ணுதான். சுத்திக்கிட்டு இருக்கு."