பார்த்துச் சுழல ஓர் இடம்

நோர்வேயிலிருந்து லீவுக்குப் புங்குடுதீவு வந்திருந்த கோசலா, மாமி வீட்டு விறாந்தையில் காலுறை மாட்டிய காலோடு சுழன்று பழகினாள்.

"ஏன் பிள்ளை, ஒரு இடத்திலை நிண்டு சுத்த ஏலாதோ?" அரிசி புடைத்தபடி கேட்டாள் மாமி கமலாதேவி.

"ஐஸிலை சறுக்கேக்கையும் எனக்கு உதுதான் பிரச்சினை மாமி. குனிஞ்சு பாத்தால் விழுந்திடுவன். நேரை ஒண்டைப் பாத்துக்கொண்டு தொடங்கச் சொல்லி கோச் சொன்னவ."

"அப்ப பாரன்."

"பாக்கிறன். ஆனால் மாமா ஓரிடத்திலை நிக்கிறாரில்லை. அவர் கிணத்தடிப் பக்கம் நகர, நானும் இழுபட்டுப் போறன்."

சுளகு நின்றது. மாசியில் இந்தியாவுக்குத் தோணியேறிய புருசனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. 'வந்திடுவார்' என்றுதான் கமலாதேவி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முற்றத்தை எட்டிப் பார்த்தாள். வெயிலைத் தவிர யாரும் இல்லை.

"எந்த மாமா பிள்ளை?"

"சுவரிலை படத்திலை இருக்கிறவர்தான். உடுத்த சாரமெல்லாம் நனைஞ்சு சொட்டுது. துவட்டத் துவாய் கேக்கிறார் போலை."

ஆவணி வெயிலில் கிணற்றடி மண்ணும் காய்ந்துதான் கிடந்தது. கமலாதேவி உள்ளே போய், அவருடைய துவாயை எடுத்து வந்து படியில் வைத்தாள்.

"இப்ப அசையாமல் நிக்கிறார் மாமி."

கோசலா மறுபடி சுழன்றாள். இம்முறை கால் இடம் மாறவில்லை. சுழன்று நின்று, சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

மாமி நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டிருந்தாள்.