ஏழாவது புள்ளி

சுரங்கம் சரிந்து ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகிறது. செய்திச் சேனலின் மூலை மேசையில் அவள் அந்தச் சுரங்கத்தை வரைந்து அசைய வைத்துக்கொண்டிருக்கிறாள். திரையில் பழுப்பு மண், அதனடியில் ஆரஞ்சுப் புள்ளிகள். ஒருவரை மீட்டதாகத் தகவல் வரும்போதெல்லாம் ஒரு புள்ளி மேலேறி வெள்ளையாகிறது. அந்த வெளிச்சம் அவள் நகங்களிலும் படுகிறது.

"ஏம்மா, புள்ளி ஊர்ந்து போகுது. கொஞ்சம் துள்ளி வரட்டும். இல்லன்னா மூணே செகண்ட்ல அடுத்த வீடியோவுக்குத் தாவிடுவாங்க," என்கிறார் பின்னால் நிற்கும் எடிட்டர்.

அவள் துள்ள வைக்கிறாள். கவிழ்த்து வைத்த போன் அதிர்கிறது. கணவன்தான். காலையிலிருந்து ஒரே பாட்டு: "எப்படியும் தோண்டி எடுத்துடுவாங்க. நீ வாயத் திறந்தா என் வேலை போயிடும்." தோண்டும் இயந்திரத்தின் இரைச்சல் நேரலையில் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவளும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த இரைச்சல் நிற்கிறது.

"லிஸ்ட்ல இருந்த ஆறு பேரும் வந்தாச்சு. மெஷின திருப்பி அனுப்பறாங்களாம்." எடிட்டர் குனிந்து திரையைப் பார்க்கிறார். ஆறு வெள்ளைப் புள்ளிகளுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மிச்சமிருக்கிறது. "சயின்ஸ் படிச்ச பொண்ணுக்கு ஆறு வரைக்கும் எண்ண வராதா? அத அழி."

அவள் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் நிற்கிறது. போன் மறுபடி அதிர்கிறது.

"அது என் தம்பி சார். எங்க வீட்டுக்காரருக்குப் பதிலா காலைல அவன்தான் உள்ள போனான். இவர் வீட்ல இருக்கார்னு லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க. அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."